அக்னி நட்சத்திரமும் சூரியப் புயலும்: நம் தலைக்கு மேல் உண்மையில் என்ன நடக்கிறது?

வள்ளியூர் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் என் அம்மாவின் செல்பேசிக்கு அந்தப் பழைய செய்தி மறுபடியும் வந்தது. இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் கடந்து போகின்றன, செல்பேசியை அணைத்து உடம்பை விட்டுத் தள்ளி வையுங்கள் என்று. அம்மா அப்படியே செய்தார். கூடத்து ஜன்னல் திண்டில் வைத்து, மேலே ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தையும் கவிழ்த்துவிட்டுத்தான் படுத்தார்.

அது பொய்ச் செய்தி என்று மறுநாள் வகுப்பில் சொன்னேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், 2024 மே மாதம் சூரியப் புயல் வந்தது உண்மைதானே? லடாக்கில் வானம் சிவந்த படத்தைப் பார்த்தேன். நம் ஊரில் மட்டும் ஏன் ஒன்றும் தெரியவில்லை?" என்றான். அவன் உட்காருவதற்குள் இன்னொரு பெண், "அக்னி நட்சத்திரத்தில்தானே வந்தது? அதனால்தான் அப்படி வெயில் கொளுத்தியதா?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்திருக்கிறேன். தெரிந்தவர்கள் விளக்கினால் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.

காந்தஊசி

டீச்சரம்மா, பல வருடங்கள் காந்தமானிப் பதிவுகளைப் படிப்பதே என் வேலையாக இருந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் கவலை. காஸ்மிக் கதிர்கள் என்பவை விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்கள். அவை நேரம் குறித்துக்கொண்டு வருவதில்லை. இரவும் பகலும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவை மேல் வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கும் மியூவான் துகள்கள் கடல் மட்டத்தில் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விழுகின்றன. உள்ளங்கையை விரித்து வைத்தால் நிமிடத்துக்கு நூறு அளவில் ஊடுருவிப் போகும். தாம்பாளம் தடுக்காது, தடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஊட்டியில் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தின் கிரேப்ஸ்-3 கூடத்தில் 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி இவற்றை எண்ணிக்கொண்டே இருக்கிறது. 2015 ஜூன் 22 அன்று சுமார் இரண்டு மணி நேரம் அந்த எண்ணிக்கை வழக்கத்தைவிட எகிறியது. சூரியனிலிருந்து வந்த பிளாஸ்மா மேகம், அதாவது மின்னேறிய துகள்களின் மேகம், பூமியின் காந்தக் கவசத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தியதன் விளைவு என்று அதை ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இனி மே 2024. 13664 என்று எண்ணிடப்பட்ட கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று அப்போது சூரியனில் இருந்தது. பூமியைப் பதினைந்து தடவை வரிசையாக வைக்கும் அளவுக்கு அகலம். அதிலிருந்து பல பிளாஸ்மா மேகங்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பின. மே 10, வெள்ளிக்கிழமை, அட்சய திருதியை. நகைக்கடைக் கூட்டம் வீடு திரும்பியிருந்த இரவு பத்தரை மணி வாக்கில் முதல் அடி விழுந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குள் பூமியின் காந்தப்புலம் வழக்கத்தைவிட 400 நானோடெஸ்லாவுக்கு மேல் கீழே இறங்கியிருந்தது. நானோடெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு. உங்கள் ஊரில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. ஆக, அதில் நூற்றில் ஒரு பங்கு ஆட்டம் கண்டது. இருபது ஆண்டுகளில் இல்லாத பெரும் புயல் அது.

வெயில் கேட்ட பெண்ணுக்கு: அக்னி நட்சத்திர வெயிலுக்குக் காரணம் அந்த நாள்களில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேல் நிற்பதுதான். புயல் கொண்டுவரும் ஆற்றல் தரைக்கு வருவதில்லை, நூறு கிலோமீட்டருக்கு மேலேயே செலவாகிவிடுகிறது. அங்கே இருக்கும் மெல்லிய காற்று சூடேறி உப்பும். 2022 பிப்ரவரி 3ஆம் தேதி ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 திரும்பி விழுந்து எரிந்தன. அது ஒரு சின்னப் புயல். உப்பிய காற்று அவற்றை மேலே ஏறவிடாமல் இழுத்துவிட்டது. அதே நாளில் கீழே மொட்டை மாடியில் காய்ந்த வற்றலுக்கு எந்த வித்தியாசமும் இருந்திருக்காது.

சிற்றலைநேயர்

நம் ஊரில் ஒன்றும் தெரியவில்லை என்று பையன் கேட்டிருக்கிறான். காதில் கேட்கலாம் தம்பி.

எனக்குச் சிற்றலை வானொலி கேட்பதுதான் உயிர். 2003 அக்டோபர் கடைசியில், தீபாவளி முடிந்த சில நாள்களில், மாலை நாலரை மணியைத் தாண்டியிருக்கும். 25 மீட்டரில் ஒரு தூரத்து நிலையம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சு மெதுவாகத் தேய்ந்தது, அவ்வளவுதான், போய்விட்டது. 19 மீட்டர், 31 மீட்டர், 41 மீட்டர், முள்ளை எங்கே திருப்பினாலும் வெறும் மூச்சுவிடும் சத்தம். பேட்டரி தீர்ந்துவிட்டதென்று நினைத்து மாற்றினேன். ஏரியல் கம்பி அறுந்துவிட்டதோ என்று மாடிக்கு ஏறிப் பார்த்தேன். மத்திய அலையில் உள்ளூர் நிலையம் மட்டும் தெளிவாக வந்தது, அதனால் பெட்டியில் குறை இல்லை என்று தெரிந்தது. இருட்டிய பிறகுதான் ஒவ்வொரு நிலையமாகத் திரும்பி வந்தன. என் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் "வானம் ஊமை" என்று எழுதி வைத்திருக்கிறேன். காரணம் ஒரு வாரம் கழித்துத்தான் செய்தித்தாளில் படித்தேன்.

காந்தஊசி

ஐயா, அது அக்டோபர் 28. நம் நேரம் மாலை 4.40 வாக்கில் சூரியனில் எக்ஸ்17 என்ற மிகப் பெரிய அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் எக்ஸ் கதிர்கள் எட்டே நிமிடத்தில் வந்து, அயனி மண்டலம் என்னும் மேல் வளிமண்டலத்து மின்னேறிய பகுதியின் அடி அடுக்கைத் தடிக்க வைத்துவிடும். சிற்றலை மேலே போய்த் திரும்புவதற்குள் அந்த அடுக்கு அதை விழுங்கிவிடும். பகல் இருக்கும் பக்கத்தில் மட்டும்தான் இது நடக்கும். உங்கள் குறிப்பேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நேரம் குறித்த அப்படி ஒரு பக்கம் எங்களைப் போன்றவர்களுக்குப் பொக்கிஷம்.

பையனின் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. துகள்கள் காந்தக் கோடுகளின் வழியே துருவப் பக்கம் வழிநடத்தப்படுவதால் வண்ண ஒளி அங்கே தெரிகிறது. லடாக்கின் ஹான்லேயில் தெரிந்த சிவப்பு, வடக்கே வெகுதூரத்தில் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் விட்ட ஒளியின் மேல்நுனி மட்டும். நமக்கு அந்தக் காட்சி இல்லை. ஆனால் நமக்கென்று வேறொன்று இருக்கிறது, அது லடாக்கில் இல்லை.

பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அங்கே காந்தக் கோடுகள் தரைக்குச் சமமாகப் படுத்திருக்கும். அதனால் பகலில், சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு மின்னாறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டைக்குள்தான் ஓடும். 1951இல் சிட்னி சாப்மன் அதற்கு மின்தாரை என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் பறந்த, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்ததும் இந்த ஆற்றைத் தொட்டுப் பார்க்கத்தான். நெல்லையில் புவிகாந்தக் கழகத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதும் அதற்காகத்தான். நெல்லையின் காந்த அளவில் இருந்து மும்பைக்குப் பக்கத்து அலிபாகின் அளவைக் கழித்தால், மிச்சம் நிற்பது இந்த ஆற்றின் வலிமை. அலிபாக் அந்தப் பட்டைக்கு வெளியே இருக்கிறது அல்லவா.

டீச்சரம்மா, இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: ஒவ்வொரு நாளும் உச்சிப்பொழுதில், நீங்கள் மதிய உணவுக்கு மணி அடிக்கும் நேரத்தை ஒட்டி, அந்த ஆறு நிறைந்து ஓடுகிறது. அந்தி சாய்ந்தால் வற்றிவிடுகிறது. புயல் நாளில் கரை புரள்கிறது, சில நேரம் எதிர்த்திசையில் திரும்பி ஓடுகிறது. காந்த ஊசி இதை எழுதிக் காட்டும்போது பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

இன்னொன்று. 1855இலேயே திருவிதாங்கூர் வானாய்வுக்கூடத்தின் ஜான் ஆலன் புரூன் அகத்தியர் மலை உச்சியில் காந்தமானிக் கூடம் ஒன்றை அமைத்தார். காட்டு வழியில் கருவிகளைச் சுமந்து ஏற்றியவர்களின் பெயர்களை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

நிலஅளவையர்

எனக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டும். சொந்த ஊர் விருதுநகர். வேலை போபால் பக்கம் சாலை அளவை. மார்ச், ஏப்ரலில் மாலை ஏழரைக்கு மேல் எங்கள் ஜி.பி.எஸ். கருவி படுத்துவிடுகிறது. திரையில் 'ஃபிக்ஸ்' என்று நிற்பது 'ஃப்ளோட்' ஆகிவிடும். இரண்டு செண்டிமீட்டர் துல்லியம் என்பது அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று அலையும். வானத்தில் மேகமே இருக்காது. நடுநிசிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். கருவியைப் பழுதுபார்க்க இரண்டு முறை அனுப்பிவிட்டோம், குறை இல்லை என்றே திரும்பி வந்தது. இதுவும் சூரியன் வேலைதானா?

காந்தஊசி

சூரியன் வேலைதான், அதுவும் எங்கள் தென்கோடி வழியாக உங்களுக்கு வருகிறது.

பகலில் காந்த நடுக்கோட்டுக்கு மேலே அயனிகள் நீரூற்றுப் போல மேலெழும்பி, வடக்கிலும் தெற்கிலும் சரிந்து விழுகின்றன. அதனால் அயனி மண்டலம் மிகவும் அடர்ந்திருப்பது நெல்லைக்கு மேலே அல்ல, போபால், அகமதாபாத் பக்கம். சூரியன் மறைந்ததும் அடிப்பகுதி சட்டென்று மெலிந்துவிடும், மேலே கனமான அடுக்கு நிற்கும். எண்ணெய்மேல் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? எண்ணெய் குமிழி குமிழியாக மேலே ஏறும். அதேதான் இங்கே. வெறுமையான குமிழிகள் நடுக்கோட்டில் பிறந்து, காந்தக் கோடுகளின் வழியே நீண்டு உங்கள் தலைக்கு மேல் வரை வருகின்றன. செயற்கைக்கோள் அலை அவற்றைக் கடக்கும்போது நட்சத்திரம் மினுக்குவது போல மினுக்கும், கருவி பிடியை விட்டுவிடும். நம் பகுதியில் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் இதற்குப் பெயர் போன மாதங்கள். சூரியச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் வருடங்களில் கூடுதல். 25ஆம் சுழற்சியின் உச்சக் கட்டத்தில் இருப்பதாக 2024 அக்டோபரில்தான் அறிவித்தார்கள். விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் அமைப்பை நம் நாட்டில் உருவாக்கியபோதும் பெரிய தலைவலியாக இருந்தது இதே அயனி மண்டலம்தான்.

கருவியை இனிமேல் பழுதுபார்க்க அனுப்பாதீர்கள். அந்த மாதங்களில் துல்லியமான புள்ளிகளைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

மலைக்காற்று

நான் கொடைக்கானல்காரன். எங்கள் மலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைக் காலி செய்த பஞ்சம். அந்தச் சாவுகளுக்குப் பிறகு அமைந்த பஞ்ச விசாரணையின் தொடர்ச்சியாகத்தான் சூரியனை நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. கரும்புள்ளிகள் பதினொரு வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன, மழையும் அதன்படி பெய்கிறதோ, அப்படியானால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டி அறியலாமே என்பது அன்றைய எதிர்பார்ப்பு. சென்னை வானாய்வுக்கூடத்தின் வானியலாளர் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தார். 1899இல் சென்னை வானாய்வுக்கூடத்தின் வேலை இங்கே மாறியது.

1904 முதல் சூரியனின் படம் நாள்தோறும் எடுக்கப்படுகிறது. அந்தத் தொலைநோக்கி ஆறங்குல வில்லை கொண்டது, 1850இல் வாங்கியது. 1909 ஜனவரியில் வானியலாளர் எவர்ஷெட் இங்கேதான் கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிப்பக்கமாக வழிவதைக் கண்டுபிடித்தார், உலகம் முழுக்க அதற்கு அவர் பெயர்தான். தாத்தா, அப்பா, மகன் என்று ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை அந்தப் படத்தை எடுத்திருக்கிறார்கள். இரண்டு உலகப் போர் நடந்தபோதும் விடியலில் ஒருவர் போய்க் கூரையைத் திறந்திருக்கிறார். மழை மேகம் மூடிய நாள்கள் தவிர நூறு வருடத்துச் சூரியன் எங்கள் மலையில் கண்ணாடித் தகடுகளில் அடுக்கிக் கிடக்கிறது. எனக்கு அதைச் சொல்லும்போதே பெருமையாக இருக்கிறது.

கரிசல்மண்

அண்ணே, பெருமை இருக்கட்டும். நான் மானாவாரி விவசாயி. பஞ்சத்துக்காகத் தொடங்கினார்கள் என்கிறீர்கள். நூற்று இருபது வருடம் படம் எடுத்து, மழை எப்போது பெய்யும் என்று சூரியன் சொன்னதா? இன்னொரு பக்கம், இப்போது பூமி சூடாவதே சூரியனால்தான், புகையால் இல்லை என்று காணொளிகள் வருகின்றன. எதை நம்புவது?

மலைக்காற்று

தம்பி, நேர்மையான கேள்வி. நேரடியாகச் சொல்கிறேன்: சொல்லவில்லை.

கரும்புள்ளியை வைத்துப் பருவமழையைக் கணிக்கப் பலர் முயன்றார்கள். 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் கணிதம் படித்தவர். கரும்புள்ளிகளையும் மழையையும் கணக்கிட்டுப் பார்த்தார். நம்பும்படியான தொடர்பு கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, உலகம் முழுவதுமுள்ள காற்றழுத்தப் பதிவுகளில் தேடினார். பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்குவதைக் கண்டார். இன்று நீங்கள் விதைப்புக்கு முன் செய்தியில் கேட்கும், பசிபிக் கடல்நீர் சூடேறும் எல் நினோவின் மறுபாதி அது. தாது வருடப் பஞ்சத்தின்போது பசிபிக்கில் மிகக் கடுமையான எல் நினோ இருந்தது என்பது பிற்காலத்தில் தெரிந்தது. சூரியனில் தேடிய விடை கடலில் இருந்திருக்கிறது. ஆனால் கணக்கிட்டுப் பார்த்து அந்தக் கதவை மூடியதால்தான் அவர் மற்றக் கதவைத் தட்டினார்.

காந்தஊசி

காணொளிக்கு நான் பதில் சொல்கிறேன். சூரியனிலிருந்து நமக்கு வரும் ஆற்றல் சதுர மீட்டருக்கு 1,361 வாட். பதினொரு வருடச் சுழற்சியில் அது ஏறி இறங்குவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்து வருகின்றன. இத்தனை காலத்தில் ஏறுமுகம் இல்லை, பூமியின் வெப்பநிலையோ ஏறிக்கொண்டே போகிறது. சூரியன் காரணமாக இருந்தால் மேலே அடுக்கு வளிமண்டலமும் சூடாக வேண்டும், அது குளிர்ந்து வருகிறது. சூரியனைப் படிப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவன் என்ற முறையில், அதன் மேல் இல்லாத பழியைப் போடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மின்பாதை

உயர் அழுத்த மின்பாதையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1989 மார்ச் 13, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் காந்தப் புயலால் 92 விநாடிக்குள் மின்தொகுப்பு முழுவதும் சரிந்து, அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். அங்கே அடியில் இருப்பது மின்சாரம் கடத்தாத பழம்பாறை. தரையில் தூண்டப்படும் மின்னோட்டம் பாறைக்குள் போக முடியாமல், தரையோடு இணைத்த டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் முனை வழியாகக் கம்பிக்குள் ஏறியது. துருவத்துக்குப் பக்கத்து நாடுகளின் கவலை அது. 2024 மே புயலின்போது நம் பக்கம் விளக்கு மினுக்கக்கூட இல்லை. பிள்ளைகளை வீணாகப் பயமுறுத்த வேண்டாம் என்பது என் கருத்து.

காந்தஊசி

பயமுறுத்த வேண்டாம் என்பதில் உங்களோடு நிற்கிறேன் ஐயா. நமக்குக் கவலையே இல்லை என்பதில் மாறுபடுகிறேன். நான் சொன்ன மின்னாறு ஓடும் பகலில் மேகத்தின் முதல் மோதல் விழுந்தால், காந்தப்புலத்தின் திடீர் மாற்றம் காந்த நடுக்கோட்டில் பெருகித் தெரிகிறது. சற்று வடக்கே போனால் அந்த அளவு இல்லை. நம் மின்பாதைகளோ இப்போது 765 கிலோவோல்ட் வரை வந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீள்கின்றன.

1859ஐயும் மறக்க முடியாது. செப்டம்பர் 1 அன்று வானியலாளர் கேரிங்டன் இங்கிலாந்தில் சூரிய வெடிப்பைக் கண்ணால் பார்த்தார், பதினேழரை மணி நேரத்தில் புயல் வந்துவிட்டது. அந்தப் புயலின் வீச்சைச் சொல்லும் மிக முக்கியமான பதிவு எங்கே கிடைத்தது தெரியுமா? மும்பை கொலாபாவில். கண்ணால் அளவைப் படித்துக் கையால் எழுதியிருக்கிறார்கள். சுமார் 1,600 நானோடெஸ்லா இறக்கம். மே 2024ஐப் போல நான்கு மடங்கு. அதுவும் துருவத்தில் அல்ல, நம் நாட்டில்.

மின்பாதை

கொலாபா கணக்கு எனக்குப் புதிது. நியூட்ரலில் நேர்மின்னோட்டம் அளக்கும் கருவியைத் தென்மாவட்டத்தின் பெரிய துணைமின்நிலையங்களில் வைத்துப் பார்த்தால் உங்கள் வாதம் மெய்யா என்று தெரிந்துவிடும். செலவு பெரிதில்லை. அளக்காமல் பயமில்லை என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கரிசல்மண்

புயலை நிறுத்த முடியாது. பிறகு சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா விண்கலம் எதற்கு?

மலைக்காற்று

வங்கக்கடல் புயலையும் நிறுத்த முடியாது தம்பி. ஆனாலும் கூண்டு ஏற்றுகிறோம், படகுகள் கரை திரும்புகின்றன. ஆதித்யா-எல்1 நிற்பது நம்மிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், சூரியன் இருக்கும் பக்கம். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று இடம் சேர்ந்தது. வழக்கமான சூரியக் காற்று அங்கிருந்து நம்மை அடைய ஒரு மணி நேரம். வேகமான மேகம் என்றால் அரை மணி நேரத்துக்கும் குறைவு. மேகத்தின் காந்தம் தெற்கு நோக்கியிருந்தால்தான் பூமியின் கவசம் திறக்கும், அதை அந்த இடத்தில் அளந்தால்தான் தெரியும். செயற்கைக்கோளைக் காப்புநிலைக்குக் கொண்டுபோக, மின்தொகுப்பில் சுமையைக் குறைக்க அந்த அவகாசம் போதும். அமெரிக்காவில் மே 2024இல் ஜி.பி.எஸ். டிராக்டர்கள் தடுமாறி, விதைப்பை நிறுத்திய விவசாயிகள் பலர். அவர்களும் உங்களைப் போன்றவர்கள்தான்.

டீச்சரம்மா, உங்கள் பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள். ஆதித்யாவின் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டையில் பிறந்தவர்.

வள்ளியூர் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள்களாக ஒவ்வொரு பதிலையும் வகுப்பில் படித்துக் காட்டுகிறேன். மின்னாறு பற்றிச் சொன்ன அன்று மதிய மணி அடித்ததும் பாதிப் பேர் சாப்பிடப் போகாமல் வெளியே நின்று வானத்தைப் பார்த்தார்கள். செங்கோட்டை என்றதும் ஒரு சிறுமி, "எங்கள் அத்தை ஊர்" என்று கையைத் தூக்கினாள்.

2019 டிசம்பர் கிரகணத்துக்கு வாங்கிய கண்ணாடிகள் பீரோவில் இருந்தன, ஆனால் கீறல் விழுந்திருந்ததால் கொடுக்கவில்லை. என் அண்ணனின் பைனாகுலரை நாற்காலியில் கட்டி, ஒரு பக்கத்து வில்லையை மூடி, வெள்ளை அட்டையில் சூரியனை விழச் செய்தோம். அதற்குள் யாரும் கண்ணை வைக்காதபடி நானே பக்கத்தில் நின்றேன். உள்ளங்கை அளவு வட்டத்தில் மிளகு தெறித்தது போல நான்கு புள்ளிகள். பென்சிலால் குறித்தோம். மறுநாள் அவை நகர்ந்திருந்தன. அம்மாவும் அன்று பள்ளிக்கு வந்திருந்தார், அட்டையைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

ஒரு சந்தேகம். வட்டத்தில் எது கிழக்கு, எது மேற்கு என்று எப்படிக் குறிப்பது? இரண்டு நாள் படங்களும் திரும்பித் திரும்பி நிற்கின்றன.

மலைக்காற்று

பைனாகுலரை அசைக்காமல் விட்டுவிடுங்கள். வட்டம் தானாக அட்டையில் ஊர்ந்து போகும். முன்னால் போகும் விளிம்புதான் மேற்கு. ஏதாவது ஒரு புள்ளி ஊரும் தடத்தின் மேல் முதலில் கோடு போட்டுவிட்டுப் பிறகு மற்றப் புள்ளிகளைக் குறியுங்கள். ஒவ்வொரு படத்திலும் தேதியும் மணியும் எழுதச் சொல்லுங்கள். மேகம் மூடிய நாளில் "மேகம்" என்று எழுதி அந்தப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள், எங்கள் மலையிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.